அப்பா பிரித்தெடுத்த கொயினா

நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து மலர் போடுகிறீர்கள், அதில் என் அப்பா மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா எடுத்த கதையை நான் எழுதித் தர வேண்டும் என்று போனில் செய்தி போட்டிருந்தீர்கள். கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். விஞ்ஞானி என்று ஒருவர். அந்தக் காலத்திலேயே அப்படி ஒரு மூளை என்று இன்னொருவர். எழுதுகிறேன். ஆனால் முழுவதையும் எழுதுவேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இனிமேல் யாருக்குப் பயந்து மூடி வைப்பது?

நீங்கள் பார்த்தது நீல வெளிச்சத்தை. மருந்தடிக்கிற கொட்டகைக்கு வெளியே, பதினோரு மணி வெயிலில், அப்பா ஒரு கண்ணாடிப் போத்தலைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே தண்ணீர் போலத்தான் இருந்தது. வெயில் பட்டதும் அதன் மேல் விளிம்பில் நீலம் ஏறியது. காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிற ஆளொருவர், "மயில்துத்தம் கலக்குறவரு இப்ப மயிலையே புடிச்சு போத்தல்ல போட்டுட்டாருடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அது உண்மையான கொயினாதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிற்பாடு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன், கொயினா இருந்தால்தான் அந்த நீலம் வரும். அப்பா தோற்றுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெயித்ததுதான் எங்கள் வீட்டுக்குக் கேடு.

அப்பா சிலோனில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கிறவராக இருந்தவர். வெள்ளைக்கார டாக்டரின் கீழ் பழகியவர். இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இங்கே வந்து, பெருமாள்மலைக்குக் கீழே காப்பித் தோட்டத்தில் லயத்து வீடு கிடைத்தபோது, தகர உருளைக்குள் சுருட்டி வைத்திருந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு மலைமேல் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டர் வேலை கேட்டுப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அங்கிருந்த குமாஸ்தா, கண்டிச் சர்டிபிகேட் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டுத் தன் டீ கிளாஸை அதன் மேல் வைத்தார். வேண்டுமென்று வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தார், தாளைத் தன் சட்டையில் துடைத்தார், வெளியே வந்தார். வளையம் மட்டும் போகவில்லை. இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். எனக்கு வயது பத்து. எனக்கும் அந்தக் கோபம் வந்தது. அப்பா கோபப்பட்டால் நானும் கோபப்படுவேன், அப்படித்தான் இருந்தேன்.

தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, காப்பிச் செடிக்கு அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலப்பது. கையும் காலும் எப்போதும் நீலமாகவே இருக்கும். ஆனாலும் லயத்தில் யாருக்காவது கட்டி வந்தால், பேதியானால் அவரிடம்தான் வருவார்கள். அம்மா மட்டும் அவருடைய வைத்தியத்துக்கு வேலை வைத்ததில்லை. இங்கே வந்த பிறகு அவள் அதுவரை படுத்ததே இல்லை.

காப்பி பூத்திருந்த சமயம் அம்மா படுத்தாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு மழைக்குப் பிறகு மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகிவிடும், வாசம் வீட்டுக்குள் வந்து தலையை வலிக்க வைக்கும். அம்மாவுக்கு அந்த வாசம் குமட்டியது. ஜன்னலை அடைக்கச் சொன்னாள். முதல் நாள் தலைவலி, அடுத்த நாள் காய்ச்சல். சுவரில் எண் எழுதிவிட்டுப் போகும் மலேரியா ஊழியர் வந்தபோது மாத்திரை கொடுத்தார். நாலு நாள் தின்றும் காய்ச்சல் இறங்கவில்லை.

இங்கேதான் அப்பாவின் மூளை வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். மலேரியா மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் அது மலேரியா இல்லையோ என்று ஒரு மனிதன் யோசிப்பான். அப்பா யோசித்தது, மாத்திரை மட்டம் என்று. சிலோனில் அம்மாவுக்கு ஒருமுறை மலேரியா வந்திருக்கிறது. அது ஈரலுக்குள் ஒளிந்திருந்து இப்போது எழும்பியிருக்கிறது, அது அசல் கொயினாவுக்குத்தான் கேட்கும், இந்த அரசாங்க மாத்திரையெல்லாம் சும்மா மாவு என்றார். கடையில் கொயினா கிடைக்கவில்லை. கிடைக்காதது அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

தோட்டத்தின் மேல் எல்லையில், ஓடை பிரிகிற இடத்தில், எந்த வெள்ளைக்காரரோ எப்போதோ பரீட்சைக்கு நட்ட கொயினா மரங்கள் சில இருந்தன. இலை சிவந்து உதிர்ந்து கிடக்கும். அப்பா கத்தியால் ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சீவி என் வாயில் வைப்பார். அவருக்கு வெற்றிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போயிருந்தது. எது அதிகக் கசப்பு என்று நான் சொல்ல வேண்டும். நான் துப்பிவிட்டு, இது, இல்லை அது என்பேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு, தண்ணீர், எச்சில் எல்லாம் கசந்தது. ஆனால் சொல்லிக்கொள்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவின் நாக்கு நான்.

பட்டையைக் காயவைத்துக் காப்பி உரலில் இடித்தோம். பெருமாள்மலைக் கடைக்கார பாயிடம் லாம்பெண்ணெய் வாங்கினோம். சிலோனில் மண்ணெண்ணெய்க்கு அதுதான் பேர். பாய், அடுப்புக்கா விளக்குக்கா என்று கேட்டார். வைத்தியத்துக்கு என்றார் அப்பா. பாய் கொஞ்ச நேரம் புனலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஊற்றினார்.

கொட்டகையில் மூன்று நாள் வேலை. பட்டைத்தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த சேற்றிலிருந்து கசப்பு எண்ணெய்க்குப் போகும், எண்ணெயிலிருந்து புளிப்புத் தண்ணீருக்கு வரும், கடைசியில் சோடா உப்பைப் போட்டால் பால் திரிவதுபோல் வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்காரும். ஒவ்வொரு கட்டத்திலும் கசப்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று என் நாக்குதான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தடவையும் தார் மாதிரி பழுப்புச் சேறுதான் வந்தது. அப்பா அதைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். அந்த மூன்று நாளும் வீட்டில் அம்மா சுருண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் முறை, துணியில் வடிந்தது ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள். அதில் ஒரு சிட்டிகையைப் புளிப்புத் தண்ணீரில் கரைத்த போத்தலில்தான் அன்றைக்கு நீங்கள் எல்லோரும் வந்து நீலத்தைப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து சில பேர் அப்பாவை டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். உங்களில் இரண்டு பேருக்குக்கூட அந்தத் தூளைக் கொடுத்துக் காய்ச்சல் விட்டது. சளிக் காய்ச்சல். தானாக விட்டிருக்கும். பேர் அப்பாவுக்கு.

இனி நீங்கள் பார்க்காதது.

அப்பாவிடம் தகரக் கூட்டுக்குள் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. டிஸ்பென்சரியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சாமான். அதைப் பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் கட்டம் போட்டு, காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் நான் எழுத வேண்டும். அவர் கொட்டகையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, தாளை வாங்கிப் பார்ப்பார். தொட்டுப் பார்க்க மாட்டார். கையை வைத்துப் பார்ப்பது நாட்டு வழக்கம், டாக்டர் சார்ட்டைத்தான் பார்ப்பார், சூடு பார்ப்பது நர்ஸ் வேலை என்பார். வெள்ளைக்கார டாக்டர் வார்டில் நடந்தபடியே சார்ட்டைப் பார்த்து மருந்து சொல்வாராம். எங்கள் ஒற்றை அறையில் அப்பா அப்படி நடந்தார். அம்மா படுத்திருந்த பாயிலிருந்து அடுப்பு வரை நாலு எட்டு.

மலேரியா மருந்து பிடித்தால் காய்ச்சல் எப்படி இறங்கும் என்று சுவரில் கரியால் வரைந்தும் காட்டினார். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், மறுபடி ஏறும்போது கொஞ்சம் குறைவாக ஏறும். அரத்தின் பல் மாதிரி இருந்தது. பல் போகப்போகச் சின்னதாகும்.

தூளைக் கொடுத்த முதல் நாள் சாயங்காலம் நான் பார்த்தேன். நூற்றி மூன்று.

"எவ்வளவு?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"நூறுன்னு எழுது, புள்ள. இன்னைக்கி ஒரு நாளு. இங்க வந்த நாள்லேருந்து அந்த மனுசன் சிரிச்சதே இல்ல. இன்னைக்கித்தான் சிரிச்சிருக்காரு. கெடக்கட்டும்."

எழுதினேன். அப்பா வந்து தாளைப் பார்த்து என்னைத் தூக்கிச் சுற்றினார். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார். அவர் சட்டையில் லாம்பெண்ணெய் நாற்றமும் பட்டை நாற்றமும் சேர்ந்து அடித்தது.

அம்மா சொன்னது அந்த ஒரு நாளைக்குத்தான். மற்ற நாட்கள் எல்லாம் என்னுடையவை. அடுத்த நாளும் நூற்றி மூன்று. அதற்கடுத்த நாளும் அதே. நாள் விட்டு நாள் என்கிற கதையே இல்லை, தினமும் இறங்காமல் அதே உயரத்தில் நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். கரிப்பல் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நூற்றி இரண்டு, தொண்ணூற்றொன்பது, நூற்றி ஒன்றரை, தொண்ணூற்றெட்டரை. அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவரிடமே ஒப்பித்தேன். அவ்வளவுதான். அப்பாவுக்கு மருந்து பலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், பலித்ததாக எழுதினால் பலித்துவிடும் என்று நினைத்தேன். பிள்ளைப் புத்தி என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். தெர்மாமீட்டரைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அது என்ன காட்டுகிறது என்றும் தெரியும்.

ஒரே ஒரு நாள் அப்பா குனிந்து போர்வையை இழுத்துவிடும்போது கை அம்மாவின் கழுத்தில் பட்டது. கையை எடுத்தார். "சூடா இருக்கே" என்றார். தாளை வாங்கிப் பார்த்தார். அதில் தொண்ணூற்றொன்பது. கொஞ்சம் யோசித்தார். பிறகு, அடுப்புப் பக்கத்தில் படுத்திருக்கிறாள், அந்தச் சூடு என்றார். தன் கையை நம்பாமல் என் எழுத்தை நம்பினார். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை.

காது விஷயத்தையும் சொல்ல வேண்டும். கொயினா உடம்பில் ஏறினால் காது இரையும். அது அளவு நிறைந்துவிட்டதற்கு அடையாளம் என்று டிஸ்பென்சரியில் அவர் பழகியிருந்தார். காது இரைகிற வரை கொடு, இரைந்தால் மருந்து பிடித்துவிட்டது. அதனால் அம்மாவை எழுப்பி எழுப்பி, காது இரைகிறதா என்று கேட்பார். இல்லை என்றால் இன்னொரு சிட்டிகை. நாலாம் நாள் அம்மா, காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றாள். அப்பா லயம் முழுக்கப் போய்ச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டில் அன்று தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். தின்றோம். அதன் பிறகும் நிறுத்தவில்லை, அளவைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மா திரும்புவதில்லை. முகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். காய்ச்சல் நின்றதும் காது திரும்பிவிடும் என்றார் அப்பா.

ஒரு நாள் பாய் உப்பும் பருப்பும் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றே அம்மாவைப் பார்த்தார். உதடு வெடித்து, நாக்கில் மாவு பூசியதுபோல் இருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"அய்யா, கோவிச்சுக்கிறாதீங்க. வெரசா கீழ கொண்டு போங்க. எங்க வீட்டுலயும் ஒரு சீவன் இப்படித்தான் கெடந்துச்சு. இது குளுருக் காய்ச்சல் இல்ல."

"பாய், நான் இருவது வருசம் காய்ச்சலோடயே இருந்தவன்" என்றார் அப்பா. "சார்ட் இருக்கு, பாக்குறீங்களா?"

தாள்களை எடுத்து நீட்டினார். பாய்க்குத் தமிழ்க் கணக்கு எழுதத் தெரியும், அரத்துப் பல் தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்.

படுத்து மூன்று வாரம் முடிந்த அன்று காலை அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. தன் சத்தம் தனக்கே கேட்காததால் எவ்வளவு கத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. லயத்துப் பெண்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். உங்கள் அம்மாக்களும் இருந்தார்கள். போர்வை ரத்தப் பேதியில் நனைந்து கறுப்பாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டுக்கு ஓடினாள். பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்றை, சேதி தெரிந்து பாயே அதற்குள் நிறுத்தி வைத்திருந்தார். மூட்டைகளின் மேல் அம்மாவைப் படுக்க வைத்து, நானும் அக்காவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் தாள்களை வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை சரிந்தது. பூண்டு வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. வீட்டில் பூண்டு வாங்குவதில்லை.

கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அப்பா வாசலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு வந்தார். டாக்டரம்மா காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டதும் தாள்களை நீட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் எழுதியது என்றார்.

"என்ட மகள்தான், டொக்டர். நான் பழக்கினது" என்றார் அப்பா. என் தோளில் கையை வைத்தார்.

டாக்டரம்மா அம்மாவின் வயிற்றை அழுத்தினார், நாக்கைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"பாப்பா, நீ பாத்ததைத்தான் எழுதுனியா?"

அப்பாவின் கை தோளில் இருந்தது. அது கனமாக இல்லை, அழுத்தவும் இல்லை. சும்மா இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் நிமிர்ந்து, தாள்களை மடித்து மேஜை ஓரத்தில் போட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு, டைபாய்டு, குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, வயிற்றைத் திறந்து பார்க்கிறோம், இரண்டு வாரம் முந்தி வந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும் என்று சொன்னார். அப்பா, மலேரியாவும் சேர்ந்து இருந்திருக்கும் இல்லையா என்று கேட்டார்.

திறந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா செத்துப்போனாள்.

அப்பா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். மயில்துத்தம் கலந்தார், ஓய்வு பெற்றார், என் வீட்டில்தான் கிடந்து போனார். அம்மாவைப் பற்றிப் பேச மாட்டார். ஒரே ஒருமுறை, கண் தெரியாமல் போன பிறகு, நான் சோறு ஊட்டும்போது சொன்னார்.

"சார்ட் சரியாத்தான் இருந்தது, மகள். வியாதிதான் தப்பாப் போச்சு."

வாயைத் துடைத்துவிட்டேன். அவரைக் காப்பாற்றுவதற்காகச் சும்மா இருந்தேன் என்று யாராவது நினைத்தால் அது பொய். அந்த வயதிலும் அவர் என்னை நம்புவதை விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஒருத்தியிடம் சொன்னேன். அதை எழுதாமல் முடிக்க முடியாது.

அம்மா சாவதற்கு முந்தின நாள் காலை. அப்பா வராந்தாவில் நின்றிருந்தார். அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். அம்மாவுக்கு நினைவு இருந்தது, கண் திறந்திருந்தது. நான் கட்டிலோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் நீ சொன்னாய், மிச்சமெல்லாம் நானே எழுதினேன், ஒரு நாளும் இறங்கவே இல்லை, சுவரைப் பார்த்து எழுதினேன், டாக்டரம்மாவிடமும் பொய் சொன்னேன் என்றேன். முதலில் மெதுவாகச் சொன்னேன். பிறகு சத்தமாகச் சொன்னேன். எதிர்க்கட்டிலில் இருந்த கிழவி எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைவதைத்தான் பார்த்தாள். ஒரு சொல்லும் அவளுக்குப் போகவில்லை. நான் அழுகிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

அவளுக்கு என்ன தோன்றியதோ. எனக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்தாளோ, பயப்படுகிறேன் என்று நினைத்தாளோ. வயிற்றில் கட்டுப் போட்டிருந்தது, அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள். இந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, துணியைத் தட்டிக் காட்டினாள்.

நான் ஏறிப் படுத்துக்கொண்டேன்.